தங்கக் கோடும் வெள்ளிக் கட்டும்: சுங்கை சிப்புட்டில் வாங்கிய நானோ சாமான்கள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு வீடு காய்ச்சல். கோடி வீட்டு ஆச்சிக்கு முதலில் வந்தது, அப்புறம் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு, கடைசியில் எனக்கு. கிளினிக்கில் போய் இரண்டு மணி நேரம் இருமிக்கொண்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். கோலகங்சார் போகும் பெரிய ரோட்டில், பழைய கடைவரிசையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. கோவிட்டையும் இன்ஃபுளுவன்சா ஏ, பி இரண்டையும் ஒரே குச்சியில் பார்க்கும் கிட் ஒன்று 9 வெள்ளி 90 காசு என்றார்கள் (ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்). 2021 செப்டம்பரில் அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்தபோது, கோவிட் மட்டும் பார்க்கிற கிட்டே 19 வெள்ளி 90 காசு. பாதி விலைக்கு மூன்று சோதனை என்றால் மோசமில்லை. மூன்று பிராண்டில் ஒவ்வொன்று வாங்கினேன்.

எதற்கு மூன்று என்று கல்லாவில் இருந்த பையன் கேட்டான். ஒன்று மூக்குக்கு, இரண்டு பிரித்துப் பார்க்க என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 29 வருடம் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். பட்டம் வாங்கியவள் இல்லை. பட்டம் வாங்கப் போகிறவர்களுக்குப் போத்தல் கழுவி, கரைசல் கலக்கி, அவர்கள் தூங்கப் போன பிறகு அடுப்பை அணைத்தவள். ஆனால் அந்த 29 வருடத்தில் கடைசிப் பன்னிரண்டு வருடம் நான் கலக்கியது தங்கம். கல்யாண வீட்டில் நகை பற்றிப் பேச்சு வந்தால் நானும் தங்க வேலைதான் பார்த்தேன் என்று சொல்வதுண்டு. யாரும் நம்பியதில்லை.

வீட்டுக்கு வந்து மூக்குச் சோதனையை முடித்தேன் (இன்ஃபுளுவன்சா ஏ, நல்ல அழுத்தமான கோடு). பாரசிட்டமோல் போட்டுத் தூங்கி, மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் மற்ற இரண்டு கிட்டையும் காய்கறிக் கத்தியால் நெம்பிப் பிரித்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு நீளப் பட்டை. ஒரு முனையில் சொட்டு வாங்கும் பஞ்சு. அதை ஒட்டி, ரோஜா நிறத்துக்கும் மங்குஸ்தான் தோல் நிறத்துக்கும் நடுவே ஒரு சிவப்பில், காய்ந்த கறை பிடித்த சின்னத் துண்டு. அப்புறம் நைட்ரோசெல்லுலோஸ் என்கிற வெள்ளைத் தாள். மறுமுனையில் மிச்சத் தண்ணீரை உறிஞ்சும் தடித்த அட்டை. அந்தச் சிவப்புக் கறையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. அதுதான் தங்கம்.

பெட்டியின் மேல் எங்கும் நானோ என்ற சொல் இல்லை (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). உள்ளே மடித்து வைத்த தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில், 'கூழ்மத் தங்கம்' (தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் தூள்) என்று பொருள்படும் ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இதே டவுனில் நானோ சீப்பு, நானோ சாக்ஸ், நானோ தண்ணீர்க் குவளை எல்லாம் கொட்டை எழுத்தில் விற்கிறது. உண்மையிலேயே நானோவாக இருக்கிற சாமானோ, தான் அப்படி என்று சொல்லிக்கொள்ளாமல் 9 வெள்ளி 90 காசுக்குக் கிடக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்தத் தங்கத்தை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்க அவ்வளவு அழகு. 100 மில்லி சுத்தத் தண்ணீரில் 10 மில்லிகிராம் தங்கக் குளோரைடு. லேசான மஞ்சள், எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி. அதைக் கொதிக்கவைத்து, கலக்கி சுற்றிக்கொண்டே இருக்கும்போது, சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். மஞ்சள் மறையும். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் சாம்பல், கத்தரிப்பூ, கருநீலம் என்று மாறி, கண்ணெதிரே திராட்சை மதுவின் சிவப்புக்கு வந்து நிற்கும். நான் நூற்றுக்கணக்கான தடவை செய்திருப்பேன். ஒரு தடவைகூட அந்த நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பியதில்லை. துர்கெவிச் என்பவரும் கூட இருந்தவர்களும் 1951-இல் எழுதிவைத்த முறை இது. சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும் என்று 1973-இல் ஃபிரென்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கெல்லாம் முன்னால் 1857-இலேயே லண்டனில் மைக்கல் ஃபாரடே இந்தச் சிவப்புத் தண்ணீரைச் செய்து, இது கண்ணுக்குத் தெரியாத தங்கத் தூள்தான் என்று சொல்லிவிட்டார்.

செய்முறை இவ்வளவு சுலபம் என்பதால் கெடுப்பதும் சுலபம். குடுவையை ராஜ திராவகத்தில் (தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை) கழுவவேண்டும். குழாய்த் தண்ணீர் சொட்டு ஒன்று மிச்சமிருந்தாலும் போச்சு. சிவப்பு வராமல் நாவற்பழச் சாறு மாதிரி நீலமாகி, மறுநாள் அடியில் கறுப்பாகப் படிந்து கிடக்கும். முதல் வருடம் மாதம் ஒரு குடுவையாவது இப்படிக் கெடுத்தேன். ஏன் என்று எங்கள் பேராசிரியர் பலகையில் வரைந்து விளக்கினார். எனக்கு அவர் வரைந்ததைவிட என் அப்பா சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

அப்பா பால் வெட்டியவர். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, இப்போது முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தில். மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) விழும் ரப்பர்ப் பாலும் இதே சாதிதான்: தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. பால் கெடாமல் ஸ்டோருக்குப் போகவேண்டுமென்றால் அம்மோனியா ஊற்றுவார்கள். ஷீட் போடவேண்டுமென்றால் தட்டில் ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் பட்டதும் அந்த ஏற்றம் போய், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் தயிர் மாதிரி கட்டிக்கொள்ளும். மழைத்தண்ணீர் விழுந்து, நேரம் கடந்து தானாகக் கட்டிப்போனால் ஒட்டுப்பால் விலைதான். தங்கமும் அப்படியே. உப்பு பட்டால் கட்டிப்போகும், சிவப்பு நீலமாகும். பேராசிரியர் இரண்டு வாரம் சொன்னதை, பால் கட்டிப்போச்சு என்ற இரண்டே வார்த்தையில் தோட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

சரி, கிட்டுக்கு வருவோம். வெறும் தங்கத்தால் கிருமியைப் பிடிக்க முடியாது. அதன் மேல் எதிர்ப்புரதத்தை ஒட்டவேண்டும். வைரஸின் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம் அது. அமிலமும் காரமும் சரியான அளவில் இருந்தால், தங்கத் துகளின் மேல் தானாகப் போய் உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு மலிவான சோதனை இருந்தது: சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்து, பத்து விழுக்காட்டு உப்புத் தண்ணீரை விடுவது. சிவப்பாகவே நின்றால் புரதம் முழுக்கப் போர்த்தியிருக்கிறது. கத்தரிப்பூ நிறமானால் எங்கோ ஓட்டை, கொட்டிவிட்டு மறுபடி செய். ஒரு நாளில் நாற்பது குழாய் பார்த்திருக்கிறேன்.

கிட்டில் போடும் துகள் பெரும்பாலும் 40 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம். இந்த ஒரு துகள் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். வைரஸைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்ததைத் தூக்கிக்கொண்டு தாளின் நுண்துளை வழியே ஓடுகிறது. கோட்டில் சிக்கியதும், பச்சை வெளிச்சத்தை விழுங்கிச் சிவப்பாகத் தெரிந்து, பிடித்துவிட்டேன் என்று நமக்குச் சொல்கிறது. பழைய காலத்துத் தோட்டத்து டிரஸ்ஸர் ஞாபகம் வருகிறதா? காய்ச்சலுக்கு மருந்து அவர்தான், பல் பிடுங்குவது அவர்தான், பிரசவத்துக்கு ராத்திரி சைக்கிளில் வருவதும் அவர்தான். ஆய்வகத்தில் இதைப் பல்செயல் துகள் என்பார்கள். எனக்கு டிரஸ்ஸர் துகள்.

எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதைப் போட்டபோது இரண்டு கேள்வி வந்தது. ஒன்று, கிட்டிலிருந்து தங்கத்தை எடுத்து உருக்கலாமா. ஒரு கிட்டில் இருப்பது சில மைக்ரோகிராம். ஒரு கிராம் சேர்க்க லட்சக்கணக்கில் கிட் வேண்டும், அத்தனை தடவை மூக்கைக் குடைந்தால் மூக்குத்தி குத்த மூக்கு இருக்காது. இன்னொன்று, இதுவும் தங்க பஸ்பமும் ஒன்றா. நல்ல கேள்வி. பஸ்பத்திலும் நானோ அளவில் தங்கம் இருப்பதை நுண்நோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நானோ என்பது அளவுதான், வேலை அல்ல. மேலே என்ன ஒட்டியிருக்கிறது, அது எதைப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனிக் குறைகள்.

முதல் குறை உள்ளே இருக்கும் விளக்கத் தாள். மூன்று பிராண்டிலும் மலாய், ஆங்கிலம், இரண்டில் சீனமும். தமிழ் எதிலும் இல்லை. படம் போட்டிருக்கிறார்களே என்று சொல்லலாம். படத்தில் கடிகாரம் ஒன்று, 15 என்று ஓர் எண். 15 நிமிடத்தில் பார்க்கவேண்டும், 20-க்கு மேல் போனால் பார்க்கவே கூடாது என்பது கோடி வீட்டு ஆச்சிக்குப் படத்திலிருந்து எப்படித் தெரியும்? ஆச்சி மதியம் போட்ட கிட்டைச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார். ஈரம் காய்ந்த பிறகு சாம்பலாக ஒரு நிழல் கோடு சில சமயம் தெரியும். ஆச்சி அதைப் பார்த்துப் பயந்து, பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு நாள் தனியாகக் கஞ்சி குடித்திருக்கிறார். புதுக் கிட் கொண்டுபோய் நானே போட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நேரத்துக்குள் சிவப்பாக வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். நேரம் கடந்து வந்தது குப்பை. இந்த இரண்டு வரியைத் தமிழில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

இரண்டாவது, C என்று போட்ட கோட்டை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வந்தால் சோதனை சரியாக நடந்தது என்று நினைக்கிறார்கள். தண்ணீர் ஓடியது, தங்கம் ஓடியது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குச்சியை மூக்கில் ஒழுங்காகச் சுழற்றினீர்களா, சும்மா வாசலில் தடவினீர்களா என்பது அதற்குத் தெரியாது. அதனால் காய்ச்சல் கொதிக்கும்போது C மட்டும் ஒற்றைக் கோடாக, நோய் இல்லை என்று, வந்தால் நம்பிவிடாமல் மறுநாள் இன்னொன்று போடுங்கள். ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் சோதனை அளவுக்கு இது நுட்பம் கிடையாது. அங்கே கிருமியின் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்க இரும்பு ஆக்சைடு மணிகளைப் போடுகிறார்கள். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், பிடித்ததோடு சேர்த்துச் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கொட்டிவிடலாம். இரும்பு உப்பு இரண்டைக் கலந்து அம்மோனியா ஊற்றினால் நொடியில் கறுப்பாக இறங்குவதும் இந்த ஆக்சைடுதான். முதல் தடவை அதைச் செய்தபோது, ஆய்வகம் முழுக்க எங்கள் பால் ஸ்டோர் வாசம்.

மூன்றாவது குறை நடந்தது என் பக்கத்து வீட்டில். பாட்டி காலையில் ஓடிவந்தார். "அக்கா, தம்பிக்குக் கோவிட் ரெண்டு கோடு. ஸ்கூலுக்கு டீச்சரிடம் படம் அனுப்பணும், கொஞ்சம் பாருங்க." தம்பிக்குப் பதினாறு வயது. அன்றைக்குக் கணிதச் சோதனை என்று எனக்கு முதல் நாளே தெரியும், ஏனென்றால் சூத்திரம் கேட்டு என்னிடம்தான் வந்திருந்தான். கிட்டைக் கையில் வாங்கினேன். எல்லாக் கோடும் ஒரே அழுத்தத்தில், மை கொண்டு கிழித்த மாதிரி. கோவிட், இன்ஃபுளுவன்சா ஏ, பி மூன்றும் சேர்ந்து இருக்கிறது! மூன்று நோயும் ஒரே நேரத்தில் வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். சொட்டு விடும் ஓட்டையை மோந்து பார்த்தேன். லிமாவ் கஸ்தூரி, அந்தச் சின்ன எலுமிச்சை.

"டேய், புளி ஊத்தினியா?"

"இல்ல ஆன்ட்டி."

"தாத்தா பாலுக்கு ஆசிட் ஊத்தினா என்னாகும்னு உனக்குச் சொல்லியிருக்காரா?"

பையன் பதில் சொல்லாமல் குழம்பைத் தொட்டுக்கொண்டான். வேறொன்றுமில்லை. கூடவே வரும் சின்னக் குப்பித் திரவத்தின் வேலை, அமிலத்தையும் உப்பையும் ஒரே நிலையில் வைப்பது. அதை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாற்றை நேராக ஊற்றினால், எதிர்ப்புரதங்கள் நிலைகுலைந்து, வைரஸ் இல்லாமலே தங்கம் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2021-இல் பள்ளிப் பிள்ளைகள் கோலாவிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் இதைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். கிட்டின் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடங்கள் வெறும் படத்தை வைத்து லீவு கொடுப்பதாக இருந்தால், வீட்டில் லிமாவ் கஸ்தூரி மரம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. பையன் பத்து மணிக்குப் பள்ளிக்குப் போனான்.

நான்காவது குறைதான் பெரியது. அது கிட்டில் இல்லை, கடையில். கிட்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அங்கேதான் விழுகிறது. பெட்டியில் 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் கையை விட்டால் அப்பளம் காயும். தங்கத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் புரதம்தான் வெந்துபோகும். வெந்த கிட்டில் மூக்கில் வைரஸ் குடியிருந்தாலும் ஒற்றைக் கோடு மட்டும் வரலாம். கடைக்காரத் தம்பியிடம் மலாயில் சொன்னேன். "தா அப்பா லா ஆன்ட்டி, பரவாயில்லை, தினமும் விற்றுப் போகிறதே" என்றார். இதே காரணத்துக்காகக் காரின் டேஷ்போர்டில் கிட் வைத்திருக்கிறவர்களும் அதை எடுத்து உள்ளே வைக்கவேண்டும்.

அன்றைக்கே அதே கடையில் இன்னொன்றும் வாங்கினேன். வெள்ளி கொடுத்து வெள்ளி வாங்கினேன் என்று சொல்லலாம். அத்தானுக்கு (அக்காவின் கணவர்) இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. வலது பெருவிரலுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. நானோ படிக வெள்ளி பூசிய கட்டுத்துணி, உள்ளங்கை அகலத்தில் ஒன்று 40 வெள்ளிக்கு மேல். இந்த வகையைக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராபர்ட் பரல் என்பவர் 1990-களில் கொண்டுவந்தார். வெற்றிடத்தில் வெள்ளியை ஆவிபோல் தூவிப் படியவைக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தப் படிகங்களிலிருந்து வெள்ளி அயனிகள் (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணுக்கள்) கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பாக்டீரியாவைக் கொல்லும். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். அக்காவுக்கு முழங்கால் வலி, தினமும் குனிந்து கட்டு மாற்ற முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன்.

முதல் கட்டை ஒரு கிளினிக்கில் போட்டார்கள். நான் கூட இருந்தேன். துணியை நனைக்க அந்தப் பெண் உப்புநீர்ப் பையை எடுத்தாள், வழக்கமாக எல்லாப் புண்ணுக்கும் அதுதானே. நான் கையைப் பிடித்துவிட்டேன். தாளில் தெளிவாக இருக்கிறது: கிருமி நீக்கிய வெறும் தண்ணீர் மட்டும், உப்புநீர் கூடாது. உப்பில் இருக்கிற குளோரைடு, வெளியே வரும் வெள்ளி அயனியைப் பிடித்து, கரையாத வெள்ளிக் குளோரைடாகக் கட்டிவிடும். 40 வெள்ளி போட்டு வாங்கியது பாதி அங்கேயே செத்துப்போகும். அந்தப் பெண் முகம் சுளித்தாள், பிறகு தாளைப் படித்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கால் பார்க்கிறாளோ. ஆனால் அங்கே நான் இல்லையென்றால்?

ஐந்து கட்டு மாற்றினோம். முதல் வாரத்திலேயே வாடை போனது, கசிவு குறைந்தது. சுற்றியிருந்த தோல் சாம்பலாகக் கறைபட்டது, அது போகும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனால் கழற்றிவிடவேண்டும் என்பதையும் அத்தானிடம் சொல்லிவைத்தேன். புண் இப்போது ஐந்து காசு அளவு. அக்கா எல்லாப் புகழையும் வெள்ளிக்கே கொடுக்கிறாள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஏனென்றால் அதே வாரத்தில்தான் பொது மருத்துவமனையில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள், அழுத்தம் படாதபடி செருப்பில் மெத்தை வைத்துக் கொடுத்தார்கள், அத்தானும் பயந்துபோய்க் காலையில் சீனி போட்ட தே தாரிக்கை நிறுத்தினார். நீரிழிவுப் பாதத்துக்கான அனைத்துலகப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியும், இந்தப் புண்ணை ஆற்றுவதற்காக என்று கிருமிநாசினிக் கட்டு எதையும் போடவேண்டாம் என்கிறது. கிருமியைக் குறைப்பது வேறு, புண்ணை ஆற்றுவது வேறு. அப்படியென்றால் ஏன் வாங்கினாய் என்று கேட்டால், அக்காவின் முழங்காலுக்காக. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

மூன்றாவது நானோவை நான் வாங்கவில்லை, என் வீட்டு வாசலுக்கே வந்தது. தெரிந்த பெண்தான், பெயர் வேண்டாம். கறுப்பு வட்டமாக ஒரு டாலர், கயிற்றோடு 380 வெள்ளி. நானோ சக்தி, இரத்த ஓட்டம், இனிப்பு நீர், கால் புண், எல்லாம். கையை நீட்டச் சொல்லி அமுக்கிக் காட்டும் வித்தையும் உண்டு. "புற்றுநோய்க்கே இப்ப நானோதான் கொடுக்கறாங்க அக்கா, நீங்க லேப்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். தெரியும். 1995-இலேயே அமெரிக்காவில் டாக்சோரூபிசின் என்ற மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, இரத்தத்தில் சீக்கிரம் பிடிபடாமல் இருக்க மேலே ஒரு போர்வையும் போட்டு ஊசியாகக் கொடுக்க அனுமதித்துவிட்டார்கள். 2021-இல் இவளும் நானும் ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டோமே, அதுவும் நான்கு வகைக் கொழுப்பால் செய்த நானோ உருண்டைதான். அது ஊசிக்குள் அளவோடு இருந்தது, கழுத்தில் தொங்கவில்லை என்று சொன்னேன். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிச் சக்தி டாலர், வளையல் போன்ற பத்துச் சாமானில் கதிர்வீச்சு வருகிறது, இனிப் போடாதீர்கள் என்று எச்சரித்ததையும் சொன்னேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டில் விற்றுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு, ஒன்று தமிழ் இல்லாததற்குப் போனது. வெள்ளிக் கட்டுக்கு மூன்று, விலைக்காக. வாங்கும்போது மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று பாருங்கள். கடையின் உள்பக்கத்தில் இருக்கிற பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

போன செவ்வாய் அத்தானுக்குக் கட்டு வாங்க மறுபடி அங்கே போனேன். கிட்கள் கண்ணாடியில் இல்லை. ஏர்கோனுக்குக் கீழே, பால்மாவுக்குப் பக்கத்தில் நகர்த்தியிருந்தார் தம்பி. வெயில் விழும் இடத்தில் இப்போது நானோ சீப்பும் நானோ சாக்ஸும் காய்கின்றன.